வெயிலில் தெரிய வேண்டிய திரை

சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு தடித்த நடைமுறைக் கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். அதில் பாதிக்குமேல் எழுதியவள் நான். ஆகவே அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். எந்தத் திருகை எந்தக் குழியில் வைப்பது, பேட்டரி இணைப்பை எப்போது கழற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். படிக்காமலும் செய்துவிடுவீர்கள் என்று தெரியும். நான் சொல்லப் போவது அதில் இல்லாத ஒன்றை.

உடைந்த திரையை எடுத்துவிட்டு வேறொரு திரையைப் போட யாராலும் முடியும். அளவும் பின்னால் செருகும் இணைப்பும் ஒத்துப்போனால் உட்கார்ந்துவிடும், படமும் வரும். சப்ளையர் அதை “சேம் டு சேம் மேடம்” என்பார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நான் பெட்டியை இன்னொரு முறை திறந்து பார்த்திருக்கிறேன். தொடுதிரை வெறும் திரையாகியிருக்கும். கண் கூசாத மேற்பரப்பு போய், வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து தலை வாரிக்கொள்ளும் அளவுக்குக் கண்ணாடியாகியிருக்கும். உடைவதற்கு முன் அந்தத் திரை என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று கேட்டறிந்து, அத்தனையையும் மறுபடி செய்யவைப்பதுதான் நம் வேலை. இதுவும் கையேட்டில் இருக்கிறது. இதை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்த பிறகும் ஒரு திரை எங்களை ஒரு காலைப்பொழுது முழுக்க ஆட்டிவைத்தது.

அந்த லேப்டாப்பின் சொந்தக்காரர் குமரவேல். வீடு, முருகன் கோயில் இருக்கும் வல்லக்கோட்டையில். வேலை, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் யார்டில். லைனிலிருந்து வெளியே வரும் கார்கள் லாரி ஏறும் வரைக்கும் அந்த வெட்டவெளியில் நிற்கும். பாதிக்குமேல் வெள்ளை, எல்லாம் ஒரே முகம். குறிப்பிட்ட ஒரு காரை எடுத்து வா என்றால் ஆட்கள் வரிசை வரிசையாக வெயிலில் அலைவார்கள். அலைய அலுப்பாக இருந்ததால் குமரவேல் தானே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். கார் எண்ணைத் தட்டினால் அது எந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று திரையில் வரைபடம் காட்டும். சோம்பல் ஒரு மனிதனை எவ்வளவு உழைக்கவைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய லேப்டாப், நில அளவை செய்பவர்களுக்கென்று தயாரிக்கப்பட்ட ரகம். கைமாறி அவரிடம் வந்தது. அதன் மேல் விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில், எள்ளளவில் ஒரு சென்சார் உண்டு. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வெயிலுக்குக் கொண்டுபோனால் திரை தானாகவே உச்ச ஒளிக்குத் தாவும். அந்த உச்சத்தைப் பட்டனை அழுத்தி வரவழைக்க முடியாது. அறைக்குள் யாராவது ஏற்றிவைத்துத் திரை சூடாகக் கூடாது என்று, தயாரித்தவர்கள் அந்த அதிகாரத்தைச் சென்சாரிடம் மட்டும் கொடுத்திருந்தார்கள். யார்டில் நின்று வேலை பார்ப்பவருக்கு அந்த ஒரு குணம்தான் லேப்டாப், மற்றதெல்லாம் சும்மா.

ஒருநாள் அதை ஒரு காரின் டிக்கி விளிம்பில் வைத்துவிட்டு எண்ணைச் சரிபார்க்க முன்பக்கம் போயிருக்கிறார். பட்டனை அமுக்கினால் தானே மூடிக்கொள்ளும் டிக்கி; யாரோ அமுக்கிவிட்டார்கள். நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடி திறந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நடைமுறை. திறந்துகொள்ளத்தான் செய்தது, திரையை உடைத்த பிறகு.

சப்ளையர் முதலில் அனுப்பியது சேம் டு சேம். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதாக வந்தது சரியான திரை. மாட்டியவள் சகாயமேரி. பென்னலூர்க்காரி, எங்கள் பெஞ்சிலேயே மூத்த டெக்னீஷியன். அவள் கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் கூர்மை. திங்கட்கிழமை சாயங்காலம் குமரவேலை வாசலுக்குக் கூட்டிப்போய், மேற்கு வெயிலில் திறந்து காட்டினாள். திரை பளீரென்றது. அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நடைமுறைப்படி அத்தோடு கதை முடிந்தது.

புதன்கிழமை காலையில் ஷட்டரை ஏற்றும்போதே அவர் வாசலில் நின்றார். கூடவே அவர் மனைவி அமுதா. செல்போன் தொழிற்சாலை ஒன்றில் கேமரா பொருத்தும் லைனில் அமுதாவுக்கு வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக எங்கள் வாசலில் இறங்கியிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது.

“வூட்ல பாக்க சொல்ல நல்லாதான் மேடம் கீது. நேத்து யார்டாண்ட போய் தொறந்தா ஒண்ணுமே தெரியல. சிலேட்டுப் பலகை மாறி கீது” என்றார் குமரவேல். “இன்னிக்கு மத்தியானம் பெரிய ஆளுங்கள்லாம் யார்டுக்கு வராங்க. அவங்க எதுர்ல ஓட்டிக் காட்டணும். காட்டிட்டா பர்மனென்ட் மேடம்.”

காட்டாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. இந்தச் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை. ஒப்பந்த ஆளும் பர்மனென்ட் ஆளும் ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேன்டீனில் சாப்பிட்டு ஒரே வேலையைச் செய்வார்கள். அட்டையின் நிறம் மட்டும் வேறு. வீடு வாடகைக்குக் கேட்டாலும் வங்கியில் போய் உட்கார்ந்தாலும் எதிராளி முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான்.

திங்கட்கிழமை காட்டியது ஒரு திரை, கொடுத்தது வேறு திரையோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். சகாயமேரி தயங்கவில்லை. “ஒங்க கண்ணு முன்னாடி தொறந்து காட்டி ஒங்க கையிலதான குட்த்தேன். நான் இன்னா மேஜிக் ஷோவா நடத்தினு கீறேன்ணா?” என்று கேட்டபடி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாடிக்கையாளர் பெஞ்சுப் பக்கம் வரக் கூடாது என்பது நடைமுறை. அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். அமுதா நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். திரை அசையவில்லை. சென்சார் செத்துவிட்டதா என்று பார்க்க, சகாயமேரி திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் ஃப்ரேமைக் கழற்றி டார்ச் அடித்தாள். திரை பளீரென்று எழுந்தது. சரி, ஏதோ வயர் சரியாக உட்காரவில்லை போல என்று ஒழுங்குபடுத்தி மூடினாள். மறுபடி இருட்டு. திறந்தாள், வெளிச்சம். மூடினாள், இருட்டு.

“தொறந்தா வருது, மூடுனா பூடுது மேடம். உள்ள யாரோ ஒளிஞ்சினு வெளாட்றா மாறி கீது” என்றாள்.

இப்படி ஒரு அறிகுறிக்குக் கையேட்டில் தெளிவாக விடை உண்டு: மூடும்போது வயர் நசுங்குகிறது. அந்த வரியை எழுதியவளே பக்கத்தில் நிற்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? வயரை வேறு வழியாக விட்டுப் பார்த்தோம். டேப் ஒட்டிப் பார்த்தோம். வயர் எங்குமே நசுங்கவில்லை. மூடினால் இருட்டுதான்.

இதற்கிடையில் எங்கள் ஏரியா மேனேஜர் போனில் வந்தார். கோடம்பாக்கத்திலிருந்தோ எங்கிருந்தோ பேசினார். ஏசி ஓடும் சத்தம் கேட்டது. ஸ்டாக்கில் அதே அளவில் வேறு பேனல் இருக்கிறதே, அதைப் போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். கண்ணாடிக்கு வெளியே இருந்து குமரவேலும் சைகையில் அதையேதான் கேட்டார்: ஏதோ ஒன்று போட்டுக் கொடுங்கள்.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடியில் எதையாவது மாற்றிவிட்டால் வேலை நடந்ததுபோல் இருக்கும். வாடிக்கையாளர் மனம் ஆறும், மேனேஜர் போனை வைப்பார். ஆனால் ஸ்டாக்கில் இருந்த பேனல் சாதாரண ரகம். அதை எவ்வளவு ஏற்றினாலும் யார்டு வெயிலில் சிலேட்டுப் பலகைதான். அதோடு நாங்கள் தேடிப்பிடித்த நல்ல திரை, ‘பழுது’ என்ற சீட்டோடு பெட்டிக்குள் போயிருக்கும். ஃப்ரேமைக் கழற்றியவுடன் பளீரென்று எழும் திரையைப் பழுது என்று எப்படிச் சொல்வது? அது ஒவ்வொரு முறையும் தன் தரப்பைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. திரையை மாற்றப் போவதில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். பொறுப்பு உங்களுடையது என்றார். அது எப்போது அவருடையதாக இருந்தது என்று கேட்க நேரமில்லை.

வெளியே போய்க் குமரவேலிடம் விசாரித்தேன். திங்கட்கிழமைக்கும் நேற்றைக்கும் நடுவில் லேப்டாப் எங்காவது விழுந்ததா? இல்லை. தண்ணீர் பட்டதா? இல்லை. வேறு யாராவது திறந்தார்களா? இல்லை. “ஒண்ணுமே பண்ணல மேடம். பத்தரமா வெச்சினு இருந்தேன்” என்றார். பொய் சொல்லும் முகமில்லை அது. நான் கேட்ட கேள்விகள் அத்தனையும் கையேட்டில் உள்ளவை. அவற்றுக்கு அவர் சொன்ன பதில்கள் அத்தனையும் உண்மை.

உள்ளே வந்தேன். ஃப்ரேம் அலமாரியின் மேல்தட்டில், புதுத் துணி ஒன்றின்மேல், முகம் மேலே பார்த்தபடி இருந்தது. நம் சென்டரில் ஒரு எழுதாத விதி உண்டு. இதற்குள் நீங்களும் கவனித்திருப்பீர்கள். வாடிக்கையாளர் பொருளை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம், அதன்மேல் உள்ள பொட்டை மட்டும் துடைக்கக் கூடாது. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வரும் இயந்திரங்களைப் பாருங்கள். துணி அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போகும், உள்ளே போகாது. கழுத்தில் சிலுவை போட்டிருக்கும் சகாயமேரி இதில் எல்லோரையும்விடக் கறார். இந்த ஃப்ரேமிலும் மேல் விளிம்பில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. அதனால்தான் அவள் அதைக் கழற்றும்போதெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் மேல்தட்டில் வைத்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பொட்டைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் கண்ணுக்கு அது லேப்டாப்பின் பாகமாகப் படவில்லை.

ஃப்ரேமில் விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அதை எடுத்து ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தேன். கேமராவுக்கான ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அதற்கு அடுத்த ஓட்டையைத் தேடினேன்.

“சகாயம், இதுல ரெண்டு ஓட்டை இருக்கணுமே?”

அவள் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “ரெண்டாவதுல முருகரு உக்காந்துனு கீறாரு மேடம்” என்றாள்.

நடைமுறையைத் தள்ளிவைத்துவிட்டு இருவரையும் பெஞ்சுக்கே கூப்பிட்டேன். குமரவேலுக்கு முதலில் புரியவில்லை. பொட்டு எப்போது வைத்தது என்று நான் கேட்டதும், செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போனதைச் சொன்னார்; அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. புது வண்டி எடுத்தால் பூஜை போடுகிறோம், லேப்டாப்புக்குப் புதுத் திரை வந்திருக்கிறது, போட்டோம். அதைப் போய் ‘என்ன செய்தீர்கள்’ என்ற கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

அமுதாவின் தூக்கம் மட்டும் போய்விட்டது. “கேமரா மேல வெக்கலியே மேடம். நாள் பூரா நான் கேமராதான மாட்றேன். ஒரு தூசி பட்டா லைனையே நிறுத்துவாங்க, எனுக்குத் தெரியாதா? அதுக்கோசரம்தான் பாத்து ஒரு வெரல் தள்ளி வெச்சேன்.”

அந்த ஒரு விரல் தள்ளிய இடத்தில்தான் சென்சார் இருந்தது. கவனக்குறைவான ஆள் கேமராமேல் வைத்திருப்பார். படம் மங்கியதும் அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்போம். இது கவனமாகச் செய்த காரியம் என்பதால்தான் இவ்வளவு நேரம் பிடித்தது.

பழுது தெரிந்துவிட்டது, துடைத்தால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். யார் துடைப்பது? குமரவேல் கையைக் கட்டிக்கொண்டார். அதுவும் இன்றைக்கா என்றார். சகாயமேரி இரண்டடி பின்னால் போனாள். “நான் தொட மாட்டேன் மேடம். மத்தியானம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வேதக்காரி தொடச்சுட்டான்னு பேராயிடும்.” அதில் நியாயம் இருந்தது. எனக்கு இரண்டு பட்டங்கள் உண்டு, இரண்டும் பௌதிகம் சார்ந்தவை, சந்தனக் குழம்பு ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆனாலும் என் கையும் துணியை எடுக்கவில்லை. அறிவு இல்லாததால் இல்லை. அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரிய ஆட்கள் முன்னால் நிற்கப் போகிறார். கூசாத திரையோடு கூசும் மனத்தை அனுப்பினால் நான் என்ன பழுது பார்த்தேன்?

அதனால் வைத்தவரிடமே கேட்டேன். “அமுதா, நீங்கதான் வெச்சீங்க. எங்க இருக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

அமுதா லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்க மூடியில் ஏதாவது ஓட்டை உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, வெறும் உலோகம் என்றாள் சகாயமேரி. அடுத்து, பஞ்சு உதிராத துணி இருக்கிறதா, ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டையும் வாங்கி, பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் லைனில் லென்ஸ் துடைப்பதுபோல ஒரே திசையில் ஒரே இழுப்பு. பிறகு கைப்பையிலிருந்து மடித்த பிரசாதக் காகிதத்தை எடுத்து, மூடியின் நடுவில் குங்குமத்தை வைத்தார்.

“முருகரு எடம் மாறி உக்கார்றாரு, அவ்ளோதான்” என்றார்.

குமரவேலின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. “இத நேத்தே பின்னாடி வெச்சிருந்தா இந்த அலைச்சல் கீதா?” என்றார்.

“நீதானய்யா நம்ம கண்ணுல படறா மாறி முன்னாடி வெய்யின்ன.”

சகாயமேரி ஃப்ரேமை மூடி டார்ச் அடித்தாள். திரை எழுந்தது. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனோம். தெருவில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எழுந்தது.

பின்னால் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நம் சென்டரிலிருந்து போகும் ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியிலும் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன்: ‘பொட்டு இங்கே’. வடக்கேயிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் இது என்ன என்று கேட்டார். வாடிக்கையாளர் இடத்தில் அயல்பொருள் படிவதைத் தடுக்கும் முன்தடுப்பு நடவடிக்கை என்றேன். சிறந்த நடைமுறை என்று குறித்துக்கொண்டு போனார். அறிக்கைகளை எப்படி எழுதுவது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை.

அன்றைக்குக் குமரவேல் லேப்டாப்பை நெஞ்சோடு மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினார். அமுதாவைப் பின்னால் உட்காரவைக்க அவருக்குப் பயம். தூங்கி விழுந்துவிடுவார். நான் என் காரில் கூட்டிவருகிறேன் என்றேன். சென்டர் தலைவி வாடிக்கையாளர் பின்னால் போக நடைமுறையில் இடமில்லை; வருகைப் பதிவில் ‘கள ஆய்வு’ என்று எழுதினேன். அது பொய்யுமில்லை. அந்தச் சென்சார் யார்டு வெயிலில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கியிருக்காது.

உள்ளே எங்களை விடமாட்டார்கள். சர்வீஸ் ரோட்டில், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். தூரத்தில் வெள்ளைக் கார்களுக்கு நடுவே ஹெல்மெட் போட்ட ஏழெட்டுப் பேர், அவர்களுக்கு முன்னால் குமரவேல். பேச்சு கேட்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு சீட்டைப் பார்த்து ஏதோ எண்ணைச் சொன்னார். குமரவேல் லேப்டாப்பைத் திறந்து தட்டினார். நேராக ஒரு வரிசைக்குள் நடந்தார். ஒரு காரின் விளக்குகள் கண் சிமிட்டின. திரும்பி வந்தார். இன்னொருவர் இன்னொரு எண். மறுபடி நடை, மறுபடி சிமிட்டல்.

பிறகு அவர்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். நான் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கைய எதுக்கு மேடம் பாக்கறீங்க?” என்று கேட்டார் அமுதா.

உச்சி வெயிலில் மங்கலான திரையைப் பார்ப்பவர் தன்னை அறியாமல் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார், அல்லது திரைக்குமேல் நிழல் பிடிப்பார் என்றேன். அவர்களில் ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. அமுதா ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஆமா மேடம்” என்றார். கார் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நான் ஏசியைப் போடுவதற்குள் தூங்கிவிட்டார்.

குமரவேல் கேட்டை விட்டு வெளியே வந்தது வேலை முடிந்து வருகிறவரின் நடையாக இல்லை. ஏறக்குறைய ஓடிவந்தார். வாயைத் திறந்தவர், கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். நைட் ஷிஃப்ட் ஆளின் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது இந்தச் சாலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் பக்கம் வந்து, காதருகே குனிந்து, மூச்சுக் காற்றாகச் சொன்னார்.

“திங்கக்கெழம எச்ஆர்ல வந்து பாக்க சொல்ட்டாங்க மேடம். சர்டிஃபிகேட்டுங்கள்லாம் எட்த்துனு வர சொன்னாங்க.”

அட்டையின் நிறம் மாறப் போகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கை கொடுத்தேன். அமுதாவை எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், தார் இளகிக்கொண்டிருந்த அந்தச் சாலையோரத்தில், முகம் முழுக்கச் சிரிப்போடு, அமுதா தானாகக் கண் விழிக்கட்டும் என்று காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.